செவ்வாயில் வீடு கட்டுவதற்கு முன்னால்

செவ்வாய் கிரகத்தில் குடியிருப்பு என்றதுமே பெரிய கண்ணாடிக் குவிமாடம், உள்ளே பச்சைப்பசேலென்று தோட்டம் என்றுதான் படம் போடுகிறார்கள். அதை மறந்துவிடுங்கள். கட்டப்போவது வீடே இல்லை, மண்ணுக்குள் புதைத்த காற்றுத் தொட்டி.

அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. உள்ளே பூமியில் இருக்கிற அளவுக்குக் காற்றை நிரப்பினால் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கிட்டத்தட்ட 10 டன் பாரம் வெளியே தள்ளும். அதாவது, கூரை தலையில் விழுமோ என்ற பயம் இல்லை, பிய்த்துக்கொண்டு பறக்குமோ என்பதுதான் பயம். மேலே மண்ணைக் கொட்டினால் அமுங்கிக் கிடக்காதா என்று கேட்பீர்கள். ஈர்ப்பு விசை பூமியில் உள்ளதில் 38 சதவீதம்தான், 3 மீட்டர் உயரத்துக்குக் கொட்டினாலும் சதுர மீட்டருக்கு 2 டன் அழுத்தினாலே அதிகம். அதனால் சதுர அறை, தட்டைச் சுவர் எல்லாம் வேண்டாம், உருளையாகவோ உருண்டையாகவோ கட்டுங்கள். அழுத்தத்தைக் குறைத்து ஆக்சிஜன் விகிதத்தைக் கூட்டலாம், ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில்தான் இருந்தார்கள். ஆனால் தீ விஷயத்தில் கவனம்.

சரி, அப்புறம் மண் எதற்கு? கதிர்வீச்சுக்கு. கியூரியாசிட்டி ஊர்தி அளந்தபடி தரையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட், பூமியில் சராசரியாக ஒரு வருடத்தில் இயற்கையாக வாங்குவதை அங்கே நான்கே நாளில் வாங்கிவிடுவீர்கள்.

இடம் பார்க்கும்போது பனிக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் சில சென்டிமீட்டர் சுரண்டியதுமே பனி தெரிந்தது, ஆனால் அது வட துருவத்துக்குப் பக்கம், குளிர்காலத்தில் வெயிலே இருக்காது. கொஞ்சம் தெற்கே தள்ளி, ஆர்கேடியா சமவெளி போல ஒரு இடம் தேவலை. அதே ஃபீனிக்ஸ்தான் மண்ணில் பெர்குளோரேட் உப்பையும் கண்டுபிடித்தது, அது தைராய்டைக் கெடுக்கும். எனவே தூசி படிந்த விண்வெளி உடையை உள்ளே கொண்டுவரவே கூடாது. உடையைச் சுவரின் வெளிப்பக்கம் மாட்டி, அதன் முதுகுப்பக்கக் கதவு வழியாக நுழைகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

ஆக்சிஜனை அங்குள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்தே எடுக்கலாம், பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி எடுத்தும் காட்டிவிட்டது. 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம். ஒரு ஆளுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் காணும், அவ்வளவுதான்.

சூரியத் தகடுகளை மட்டும் நம்ப வேண்டாம். 2018-இல் கிரகத்தையே மூடிய புழுதிப் புயலில்தான் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் கதை முடிந்தது. சின்ன அணு உலை ஒன்று கட்டாயம்.

கிளம்பும் முன் எல்லாவற்றையும் பூமியிலேயே பூட்டி, ஒரு வருடமாவது உள்ளே வாழ்ந்து பாருங்கள். அரிசோனாவில் 1991-இல், வெளிக்காற்று புகாதபடி மூடிய பயோஸ்பியர் 2 என்ற சோதனைக் கட்டிடத்துக்குள் எட்டுப் பேர் போனார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 14-க்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விட, அதைச் சுற்றியிருந்த கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. சிமெண்டை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்?

கடைசியாக, கதவு வாஷர்களை மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுத்துப்போங்கள். அடுத்த ராக்கெட் கிளம்ப 26 மாதம் வரை ஆகலாம், வந்து சேர இன்னும் ஏழு மாதம்.