நைட்ரோ காருக்கு டியூன்டு பைப் வாங்கும் முன்

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் காரின் என்ஜினுக்கு மாட்டும் புகைக் குழாய்தான் டியூன்டு பைப். பளபளப்பைப் பார்த்து அதை வாங்காதீர்கள். முதலில் என்ஜின் அளவு. 2.1 சிசிக்கான பைப்பை 3.5 சிசியில் மாட்டினால் மூச்சு முட்டும், சூடேறும்.

புகையை வெளியேற்றுவது மட்டுமல்ல பைப்பின் வேலை. வெளியேறும் அழுத்த அலை பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) மூடுவதற்குள், எரியாமல் நழுவிய புது எரிபொருள்-காற்றுக் கலவையை சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். பாதை நீளமென்றால் அலை தாமதமாகத் திரும்பும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கிடைக்கும். குட்டையென்றால் உச்ச வேகம் கூடும், கிளம்பும்போது மந்தமாக இருக்கும். வளைவுகள் நிறைந்த டிராக்குக்கு நீளம்தான் நல்லது. என்ஜினையும் பைப்பையும் இணைக்கும் குழாயான ஹெடரை அறுத்து நீளத்தைக் குறைப்பதானால் ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும், அறுத்ததை ஒட்ட முடியாது.

பலர் கோட்டைவிடுவது இணைப்பில். இரண்டையும் சேர்க்கும் ரப்பர் போன்ற சிலிகோன் கப்ளருக்குள் ஹெடரும் பைப்பும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் சூடான புகை கப்ளரைப் பொசுக்கி ஓட்டை போடும். இருபுறமும் ஜிப் டை போட்டு இறுக்குங்கள். கப்ளரைச் சுற்றிக் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கே கசிவு. கசிந்தால், எரிபொருளைத் தள்ள பைப்பிலிருந்து டேங்குக்குப் போகும் அழுத்தம் குறையும், எரிபொருள் போதாமல் என்ஜின் லீனாக ஓடிச் சூடேறும். கார்புரேட்டரில் எரிபொருள் அளவை மாற்றும் ஊசியைத் திருகும் முன் இதைப் பாருங்கள்.

புது பைப் மாட்டியதும் ஹை-ஸ்பீடு ஊசியைக் கால் சுற்று திறந்துவிட்டு, அங்கிருந்து கொஞ்சங்கொஞ்சமாக மூடி டியூன் செய்யுங்கள். பழைய செட்டிங் பொருந்தாது.