வேன் டூருக்குக் கிளம்பும் முன் எல்லையை எண்ணுங்கள்

கோடை விடுமுறைக்கு வேன் எடுத்துக்கொண்டு எங்காவது போகலாமா, நடுவில் படகிலும் போகலாமா என்று ஒரே வாரத்தில் மூன்று வீட்டிலிருந்து என்னிடம் கேட்டுவிட்டார்கள். 2022 ஜனவரி 28-ஆம் தேதி கொரோனாவுக்கான இரவு ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் போனதிலிருந்து கடலூரில் இதே பேச்சுதான். இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், கோயில் குளம் என்று எங்கேயும் அழைத்துப் போகாத பெரியவர்கள் இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் மே மாதம் நிலைமை எப்படி இருக்கும் என்று இந்த 2022 பிப்ரவரியில் யாராலும் சொல்ல முடியாது. 2021-லும் பிப்ரவரியில் எல்லாம் முடிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. மே 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. ஆகவே எந்த இடத்திலும் நிறுத்திக்கொண்டு வீடு திரும்பக்கூடிய மாதிரி ஒரு திட்டம் எப்படிப் போடுவது என்பதை, நான் செய்கிற முறையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. கேரவன் என்றதும் நமக்கெல்லாம் ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கிற வண்டிதான் ஞாபகம் வரும். படுக்கை, கழிவறை எல்லாம் வைத்த டூரிஸ்ட் கேரவன் இப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, கேரள அரசு 2021-இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நம் பக்கத்தில் நடைமுறையில் இருப்பது டெம்போ டிராவலர்தான். பின்பக்கம் இரண்டு வரிசை சீட்டைக் கழற்றி மெத்தை போட்டுக் கொடுக்கிறார்கள். லாட்ஜில் தங்காமல், வண்டியே வீடாக, ஒரு குடும்பம் மட்டும் போவது என்பதுதான் இதில் இருக்கிற நன்மை. அதற்குள் இரண்டு குடும்பத்தைத் திணித்தால் அந்த நன்மை போய்விடும்.

சரி, எங்கே போவது? கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வழியில் எத்தனை எல்லை வருகிறது என்று எண்ணுங்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. என் அக்கா வீடு புதுச்சேரிப் பக்கம் இருக்கிற பாகூர். கடலூரிலிருந்து பைக்கில் அரை மணி நேரம், காலையில் போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவோம், நடுவில் ஒரு எல்லை இருப்பதாகவே நினைத்ததில்லை. 2020 ஏப்ரலில் எல்லையில் இருக்கிற முள்ளோடையில் தடுப்புப் போட்டார்கள். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை எங்கள் பக்கத்துக் கடைகளில் தீர்ந்துவிட்டது என்று அக்கா அங்கே வாங்கி மாமாவிடம் கொடுத்தனுப்பினாள். அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் நான், நடுவில் இரும்புத் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் மஞ்சள் பையை வாங்கி, சானிடைசர் அடித்து, தடுப்புக்கு மேலே நீட்டினார். மாமா கையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எந்தப் பயணமானாலும் நான் முதலில் எண்ணுவது எல்லையைத்தான்.

ஏனென்றால் ஒவ்வொரு எல்லைக்கும் தனி அரசு, தனி உத்தரவு, தனித் தேதி. 2022 ஜனவரி 30 ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டில் ஊரடங்கு இல்லை, அதே நாள் கேரளாவில் ஊரடங்கு மாதிரிக் கட்டுப்பாடு. கோயம்புத்தூர் தாண்டி இருக்கிற வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். உள்ளே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை, ஆக ஒரு எல்லையை இரண்டாக எண்ண வேண்டும்.

அப்படி எண்ணினால் கடலூர்க்காரருக்கு எல்லையே இல்லாத வேன், படகுப் பயணம் பிச்சாவரம். சொந்த மாவட்டம், சிதம்பரம் வழியாகப் போனால் 60 கிலோமீட்டர் சுமார். வார நாளில் காலை முதல் படகுக்குப் போங்கள், மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கிற குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் போகும். ரொம்பக் குறுகிய இடத்தில் படகுக்காரர் துடுப்பை உள்ளே வைத்துவிட்டு, கையால் கிளையைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகை நகர்த்துவார், நாம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். நாலைந்து பேர், திறந்த வெளி, நல்ல காற்று. இந்தக் காலத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான உல்லாசம் எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரிக்காரருக்கு இதே மாதிரி நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுத் துறை இருக்கிறது, அங்கிருந்து படகிலேயே பாரடைஸ் பீச்.

அடுத்த சுற்று காவிரி டெல்டா. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடலூரிலிருந்து கடற்கரைச் சாலையிலேயே வேளாங்கண்ணி போனால் தரங்கம்பாடி தாண்டியதும் பூவத்தில் காரைக்காலுக்குள் நுழைவீர்கள், அது புதுச்சேரி. வாஞ்சூரில் மறுபடி தமிழ்நாடு. போகவர நான்கு எல்லை! கட்டுப்பாடு இருக்கிற சமயத்தில் மயிலாடுதுறை, பேரளம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போய்விடுங்கள், கொஞ்சம் சுற்றுதான், ஆனால் முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பீர்கள். அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இன்னொரு படகு. இரண்டு ராத்திரி, மூன்று பகல் தாராளமாகப் போதும்.

மூன்றாவது சுற்றுதான் கேரளா. விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம், கோயம்புத்தூர், வாளையார். வண்டியோடு படகில் ஏற வேண்டும் என்கிற ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால் அதற்கு அங்கேதான் போக வேண்டும். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில் 2018-லிருந்து ரோ-ரோ படகு ஓடுகிறது, ஊர்க்காரர்கள் ஜங்கார் என்பார்கள். கார், வேன், பைக் எல்லாம் ஒரு பக்கம் ஏறி, சில நிமிடத்தில் மறு பக்கம் இறங்கிவிடும். ரோட்டில் போனால் நகரத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

மே மாதம் இந்த மூன்று சுற்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். நிலைமை நன்றாக இருந்தால் மூன்றாவது, கொஞ்சம் சந்தேகமாக இருந்தால் இரண்டாவது, எல்லாம் மூடினால், மாவட்டத்துக்குள் போக விட்டால், பிச்சாவரம். லீவு எடுக்கிற தேதி ஒன்றுதான், வண்டி ஒன்றுதான், இடம் மட்டும் மாறும். பிள்ளைகளிடம் முதல் நாளே மூன்றையும் சொல்லி வையுங்கள். "கொச்சி போறோம்" என்று சொல்லிவிட்டு பிச்சாவரம் அழைத்துப் போனால் முகம் தொங்கும், "வேன்ல தூங்கப் போறோம், படகுல போறோம்" என்று சொன்னால் எங்கே போனாலும் அது நடக்கும்.

தேதி குறிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது, யாரும் இதைக் கவனிப்பதில்லை. கொரோனா ஊரடங்கு உத்தரவு எப்போதும் ஒரு கெடு தேதியோடுதான் வந்தது. 2022 பிப்ரவரித் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்தது பிப்ரவரி 15 வரை. அடுத்த உத்தரவு அந்தக் கெடு முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது வரும், 2020-லிருந்து அப்படித்தான் பார்த்தோம். நீங்கள் 13-ஆம் தேதி கிளம்பினால் பாதி வழியில் புதிய உத்தரவு வந்து விழும். 16, 17 வாக்கில் கிளம்பினால் அடுத்த கெடு வரைக்கும் சட்டம் என்ன என்று தெரிந்து போகிறீர்கள். ஆகவே கெடு முடிந்த மறுநாள், அதற்கடுத்த நாள் கிளம்புவதுதான் சரி. எந்த மாநிலத்துக்குப் போகிறீர்களோ அதன் கெடுவையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி பணம். இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், 2021-இல் நானும் மாட்டினேன். ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு டிராவல்ஸில் மே மாதத்துக்கு 8,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன், ரசீது கூட வாங்கவில்லை. ஊரடங்கு வந்தது, ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கும் வண்டி ஓடவில்லை, டியூ கட்ட வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் என் பணம் திரும்பவில்லை. இந்தத் தடவை வில்லியனூரில் வேறு ஒருவரிடம் பேசும்போது முதலிலேயே கேட்டேன்.

"அண்ணே, மே மாசம் மறுபடியும் ஊரடங்கு போட்டா அட்வான்ஸ் என்ன ஆகும்?"

"அதெல்லாம் போட மாட்டாங்க தம்பி. போட்டா பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா எப்படிண்ணே? தேதி மாத்தித் தருவீங்களா, பணமா தருவீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பணமா தர முடியாது தம்பி, செலவாயிடும். ஆறு மாசத்துக்குள்ள எந்தத் தேதி கேட்டாலும் அதே வாடகைக்கு வண்டி தர்றேன்."

"அதை அப்படியே வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பிடுங்கண்ணே." அனுப்பினார். 2,000 ரூபாய் மட்டும் கொடுத்தேன்.

இவ்வளவுதான் செய்ய வேண்டியது. அட்வான்ஸைக் குறைவாகக் கொடுங்கள், பணம் திரும்புமா தேதி மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள், அரசு உத்தரவால் நின்றால் என்ன, நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து நின்றால் என்ன என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், நல்ல ஓனர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி மஞ்சள் போர்டாக இருக்க வேண்டும், வாடகை குறைவு என்று ஒயிட் போர்டு வண்டியை எடுத்தால் செக்போஸ்ட்டில் நிறுத்தும்போது பதில் சொல்ல முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சிக்கல். புதுச்சேரியில் பதிவான பிஒய் நம்பர் வண்டி என்றால் தமிழ்நாட்டுக்குப் பெர்மிட் இருக்கிறதா, கேரளா டாக்ஸ் யார் கட்டுவது, இரண்டையும் வாடகை பேசும்போதே முடித்துவிடுங்கள்.

படகுக்கு முன்பணமே கட்டாதீர்கள். ஆலப்புழா ஹவுஸ்போட் அழகுதான், ஆனால் தேதியோடு பணம் கட்டிவிட்டால் வேனையும் அந்தத் தேதிக்குக் கயிறு போட்டுக் கட்டிவிட்ட மாதிரி. ஒன்று நின்றால் இரண்டும் போச்சு. அதற்குப் பதிலாக கவுண்டரில் டிக்கெட் வாங்கி ஏறுகிற படகுகளையே எடுங்கள். ஜங்கார் அப்படித்தான். ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்கு கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு இருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கம் காயலிலேயே போகும், பஸ் டிக்கெட் மாதிரிதான் கட்டணம். கூட்டமாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்த படகுக்கு நில்லுங்கள். எந்தப் படகானாலும் முதல் நாள் ஃபோன் செய்து ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள், பழுது பார்க்க நிறுத்தியிருப்பார்கள், கொரோனாவில் சர்வீஸைக் குறைத்திருப்பார்கள். அப்புறம், கொரோனா மட்டும்தான் படகை நிறுத்தும் என்று நினைக்க வேண்டாம். கடலூர் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் பிச்சாவரம் படகையும் மறந்துவிடுங்கள், மே மாதத்திலும் வங்கக் கடலில் புயல் வரும். கேரளாவில் ஜூன் பிறந்தால் மழை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மீன்பிடிப் படகில் யாராவது கூப்பிட்டால் ஏறவே ஏறாதீர்கள்.

காகிதங்கள். எல்லோருடைய தடுப்பூசிச் சான்றிதழையும் கோவின் தளத்திலிருந்து எடுத்து ஃபோனில் ஒரு பிரதி, பிரிண்ட் எடுத்து ஒரு பிரதி. செக்போஸ்ட் பக்கத்தில் நெட் கிடைக்காது. ஆதாரில் இருக்கிற பெயரும் அதில் இருக்கிற பெயரும் ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள், என் அப்பாவுக்கு இனிஷியல் மாறியிருந்தது. 2021 ஆகஸ்டில் கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர், அல்லது இரண்டு டோஸ் போட்டு 14 நாள் ஆன சான்றிதழ் கேட்டார்கள். அதே சட்டம் மறுபடி வரலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது டோஸை இன்னும் போடாதவர்கள் இந்த மாதமே போட்டுவிடுங்கள். 2022 பிப்ரவரியில் கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி இருந்தது, கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது. 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 2022 ஜனவரி 3-லிருந்து கோவாக்சின் போட்டார்கள், 28 நாள் இடைவெளி, மே மாதத்துக்குத் தாராளமாக நேரம் இருந்தது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பிப்ரவரியில் ஊசி இல்லை, அவர்களுக்கு என்ன கேட்கிறார்கள் என்று கிளம்புகிற வாரம் விசாரியுங்கள்.

பாதி வழியில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்? இதைப் பேசாமல் யாரும் கிளம்பக் கூடாது. நீங்கள் எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பி ஒரே நாளில் வீடு வந்து சேர முடிகிற தூரம்தான் உங்கள் தூரம். கொச்சி கிட்டத்தட்ட அந்தக் கடைசிக் கோடு, அதைத் தாண்டி மூணாறு, வர்க்கலா என்று இழுக்காதீர்கள். 2022 தொடக்கத்தில் இருந்த விதிப்படி லேசான தொற்றுக்கு ஏழு நாள் தனிமை, ஏழு நாளும் வேனுக்குள் இருக்க முடியாது. சர்க்கரை, இதய நோய் இருக்கிற பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கேரளா சுற்றையே விட்டுவிட்டு டெல்டாவோடு நிற்கலாம். வண்டியில் ஏசியைப் போட்டு ஜன்னலை மூடாதீர்கள், வெயிலாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரு சாண் திறந்து வையுங்கள். டிரைவருக்கும் இரண்டு டோஸ் ஆகியிருக்கிறதா என்று கேட்பது மறந்தே போகிறது, நாள் முழுக்க நம்மோடு மூச்சு விடுகிறவர் அவர்தான், அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. ஒரு ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர், வழக்கமான மாத்திரைகள் பத்து நாளைக்குக் கூடுதலாக.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசாதம், நல்லெண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி இட்லி. மே வெயிலில் தயிர்சாதம் தாங்காது. இரவு வண்டியை நிறுத்த, நெடுஞ்சாலையில் கழிவறை சுத்தமாக இருக்கிற பெட்ரோல் பங்குதான் நல்லது, டீசல் போட்டுவிட்டு மேனேஜரிடம் கேட்டால் பெரும்பாலும் ஓரமாக விட்டுக்கொள்ளச் சொல்வார்கள்.

முடிவெடுக்கிற நாளை மூன்றாக வைத்திருக்கிறோம். பத்து நாள் முன்னால் எந்தச் சுற்று என்று பேசுவோம். மூன்று நாள் முன்னால் புது உத்தரவைப் பார்த்து உறுதி செய்வோம், வண்டிக்காரருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுவோம். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்போம், ஒருவருக்கு இருந்தாலும் வண்டி வராது. "யார் வேண்டாம்னு சொன்னாலும் ஏன்னு கேக்கக் கூடாது" என்று அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். அக்காவும் மாமாவும் முள்ளோடையில் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.