மரணச் சங்கத்தில் பாக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போகாதீர்கள்

குளிருக்கு எதைக் கொண்டுபோவது, அட்டைக்கடிக்கு என்ன பூசுவது என்பதை இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பிரிவில் அறுபது குடும்பம்கூட இல்லை. ஆனால் கோயில் கமிட்டி உண்டு, மாதச் சந்தா வாங்கிச் சாவுக் காரியங்களைப் பார்க்கும் மரண உதவிச் சங்கம் உண்டு, மாதர் சங்கம் உண்டு, இளைஞர் கழகம் உண்டு. தொழிற்சங்கங்கள் தனிக் கணக்கு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து இறங்கினால், மறுநாள் காலை தேத்தண்ணி ஆறுவதற்குள் இவர்களில் யாராவது இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இளைஞர் கழகத்தைச் சமாளிப்பது லேசு. மட்டையும் பந்தும் கேட்பார்கள். ஹட்டனில் பஸ் மாறும்போதே வாங்கிவிடுங்கள், காசாகக் கொடுக்க வேண்டாம். கோயில் கமிட்டிக்கு அரிசி மூட்டையாகக் கொடுங்கள். காசாகக் கொடுத்தால் தொகையை மைக்கில் சொல்வார்கள், பிறகு பக்கத்துக் கோயில்காரர்களும் வருவார்கள். மாசியில் போனால் காமன் கூத்து பார்க்கலாம். மன்மதன் எரிந்தபின் ரதி அழும் கட்டம் விடியற்காலைக் குளிரில் வரும், அதற்காகவே ஒரு முறை போகலாம். மாதர் சங்கத்தார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நாளெல்லாம் கொழுந்து பறித்து, இறங்கிவந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, சமைத்து முடித்த பிறகு அவர்களுக்குக் கூட்டம் போட நேரம் ஏது.

மரணச் சங்கம்தான் விஷயம்.

அப்பா 2019இல் இறந்தபோது நான் கனடாவில் இருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். தம்பி முறையான ஒருவன் போனைத் தூக்கிப் பிடிக்க, நான் இங்கே சமையலறையில் நின்று பார்த்தேன். சரியான மழை. சுடுகாட்டில் ஒதுங்க ஒரு கூரை இல்லை. தப்பு அடிக்கிறவர்கள் தப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள், மற்றவர்கள் கொழுந்துக்குப் போகும்போது போர்த்தும் படங்கைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். அந்த மழை என் மனதில் நின்றுவிட்டது. அங்கே ஒரு சின்ன மண்டபம், நாலு தூண், தகரக் கூரை, அப்பா பெயரில் கட்டிக்கொடுத்துவிட்டு வருவோம் என்றுதான் போனேன். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்றை மறந்துவிட்டேன், நீங்கள் மறக்காதீர்கள். சுடுகாடும் தோட்டக் காணிதான். அந்தக் காணிகள் 1970களில் அரசுக்கு வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது. நாம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருஷம் ஆயிற்று என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தே போனார்கள். ஆனாலும் செத்தவர்களுக்குப் பக்கத்தில் நாலு தூண் நட வேண்டுமென்றால் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கையெழுத்து வேண்டும்.

தோட்ட ஆபீசுக்குப் போனேன். வெளியே வாங்கில் (பெஞ்சில்) ஒரு காலை முழுக்க உட்கார்ந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு அதே வாங்கில் உட்கார்ந்த ஞாபகம் இருக்கிறது. அப்போது எங்களுக்குக் கடிதம் வந்தாலும் ஆபீசில் போய்த்தான் வாங்க வேண்டும். பெரிய கிளாக்கர் மரியாதையாகத்தான் பேசினார். "தனி ஆளுக்கு அனுமதி குடுக்க ஏலாது, சங்கம் கேக்கணும்" என்றார். சரி, சங்கத்தின் கடிதத்தோடு மறுநாள் போனேன். கடிதத்தில் சீல் இல்லை. சீல் செயலாளரிடம். செயலாளர் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார். சீலைப் பெட்டியில் பூட்டிக் கொழும்புக்கே கொண்டுபோய்விட்டார். ஏன் என்று கேட்டால், போன முறை இருந்த செயலாளர் அதை ஊரில் வைத்துவிட்டுப் போனதில் ஏதோ தகராறு வந்ததாம்.

பஸ்ஸில் அனுப்பச் சொன்னேன். வந்தது. அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. அதற்கடுத்த நாள் போனால், சங்கத்தின் பதிவைப் புதுப்பித்த கடிதம் பிரதேச செயலகத்திலிருந்து வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில் கிராம சேவகர் கையெழுத்து. அவர் எங்கள் பிரிவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார், அந்த நாள் முதல் நாளே போய்விட்டது. இப்படியே பதினொரு நாள். வாங்கில் உட்கார்ந்தே என் லீவு தீர்ந்தது. சொந்தக்காரர் வீடுகள் பாதிக்கு நான் போகவே இல்லை, அந்தக் கோபம் அவர்களுக்கு இன்னும் இருக்கிறது.

பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் பொதுக்கூட்டம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டினார்கள். (கூட்டம் வேண்டுமென்றால் பத்தாம் தேதி சம்பளம் முடிந்து வரும் ஞாயிறைக் கேளுங்கள், அன்றைக்குத்தான் ஆள் சேரும். தீபாவளி அட்வான்ஸ் நேரத்தில் எந்தக் கூட்டமும் சண்டையில்தான் முடியும்.) பொருளாளர் என் சித்தப்பா. மண்டபக் காசைத் தன் கையில் தரும்படி முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிடிகொடுக்கவில்லை, அவரை நம்பவும் இல்லை. அதை வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லியும் இருந்தேன்.

கூட்டத்தில் அவர் பேரேட்டை விரித்தார். பழைய பேரேடு, அதைத்தான் முதலில் எல்லோருக்கும் காட்டினார். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குப் போனவர்களின் பெயர்களைச் சிவப்பு மையில் வெட்டி, பக்கத்தில் 'இந்தியா' என்று எழுதியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஏழு பெயர். ஒப்பாரிக் கோச்சியில், அழுதுகொண்டே பிரிந்து போன அந்த ரயிலில், ஏறிய என் பெரியப்பாவின் பெயரும் அதில் இருந்தது. பிறகு புதுப் பேரேடு. என் பெயருக்குப் பக்கத்தில் 'கனடா' என்று பென்சிலில் இருந்தது. வெட்டவில்லை. மாதம் நூறு ரூபாய், நான் போன நாளிலிருந்து ஒன்பது வருஷம், 10,800 ரூபாய், சித்தப்பா கட்டியிருக்கிறார். அதைச் சத்தமாக வாசித்தார். "மண்டபம் கட்ட வந்தவரு சந்தா கட்டல" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் கட்டினீர்கள் என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "பேர வெட்டுனா திரும்பச் சேக்க ரெண்டாயிரம் கேப்பாங்க" என்றார். அவ்வளவுதான். பாக்கியை எண்ணி வாங்கிக்கொண்டார், ரசீதும் தந்தார்.

ஆகவே, போவதற்கு முன்பே போன் பண்ணி உங்கள் பெயர் எந்தப் பேரேட்டில், என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். சீல் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.

மண்டபம் இன்னும் எழும்பவில்லை. நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கீழ் லயத்தில் ஒரு பாட்டி இறந்துபோனார். சங்க விதிப்படி பேரேட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆள் வர வேண்டும், வராவிட்டால் தண்டம். குழி வெட்டப் போனேன். அலவாங்கைப் பிடித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஒரு பையன் வாங்கிக்கொண்டு என் கையில் கேத்தலைக் கொடுத்தான். எல்லோருக்கும் பிளேண்டி, பால் இல்லாத தேத்தண்ணி, ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டதாகச் சித்தப்பா சுடுகாடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.