நாவல்பழ வாசம் தெரிந்தவருக்கு ஒயின் ருசி பார்க்கவும் வரும்

முதல் பாடத்துக்கு ஒயினே வேண்டாம். தள்ளுவண்டியில் கம்பம் பன்னீர் திராட்சை கால் கிலோ வாங்குங்கள். ஒன்றை வாயில் போட்டு, சாற்றை விழுங்கிவிட்டுத் தோலை மட்டும் நன்றாக மெல்லுங்கள். நாக்கு வறண்டு, ஈறு இழுத்துப் பிடிக்கும். ஒயின்காரர்கள் டானின் என்று சொல்லும் சங்கதியின் வேலை அது. நமக்கு அது துவர்ப்பு.

ரெட் ஒயினைத் தோலோடும் கொட்டையோடும் புளிக்கவைப்பார்கள். நிறமும் துவர்ப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. ஒயிட் ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றைப் பிழிந்து தனியே எடுத்துவிடுவார்கள். அதில் புளிப்புதான் முன்னால் நிற்கும்.

சரி, இப்போது இரண்டு பாட்டில்கள்: நாசிக் பக்கத்து சோவின்யான் பிளாங்க் (ஒயிட்) ஒன்று, ஷிராஸ் (ரெட்) ஒன்று. ரெட் ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்கச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாத மதுரைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. முதல் தடவை நான் அலமாரியிலிருந்து அப்படியே ஊற்றினேன். ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறியது. ரெட்டை ஒரு மணி நேரம், ஒயிட்டை மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அறையில் ஊதுபத்தி வேண்டாம். தலையில் மல்லிகைச் சரம் இருந்தால் அதையும் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். நம்ம ஊர் மல்லி பக்கத்தில் இருந்தால் எந்த ஒயினும் மணக்காது.

ஒயிட்டை முதலில் ஊற்றுங்கள். கிளாஸில் கால் பங்கு போதும். லேசாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான் இருக்கிறது. குடைமிளகாயை நறுக்கும்போது எழும் பச்சை வாசம் வருகிறதா? குடைமிளகாயிலும் சோவின்யான் பிளாங்கிலும் இருப்பது ஒரே வகை வாசனைப் பொருள், பைரஸீன். ஷிராஸில் மிளகு வாசம் வந்தால் அதுவும் பிரமை இல்லை. மிளகில் உள்ள ரொட்டண்டோன் அதிலும் உண்டு.

அப்புறம் ஒரு வாய் எடுத்து, ஐந்து விநாடி நாக்கில் உருட்டிவிட்டு விழுங்குங்கள், துப்பினாலும் தப்பில்லை. நடுவில் தண்ணீரும் கொஞ்சம் பொரியும்.

தெரிந்த வாசத்தையும் ருசியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிளாக்பெர்ரி, கூஸ்பெர்ரி என்று எழுத வேண்டாம். சாப்பிட்டுப் பார்க்காத பழத்தின் பெயர் உங்களுக்கு எதையும் நினைவூட்டாது. என் நோட்டில் இருப்பது இது:

ஒயிட்: செங்காய் கொய்யா, எலுமிச்சைத் தோல். நாக்கின் ஓரம் கூசியது.

ரெட்: நாவல்பழம், இடித்த மிளகு. கடைசியில் கடுக்காய் மாதிரி ஒரு பிடிப்பு.