ஹவெவர் அடியில் விழுந்த கோடு

அறிக்கையில் "த பஸ் வாஸ் லேட், ஹவெவர், வீ ரீச்ட் ஆன் டைம்" என்று எழுதியிருந்தேன். பிழைதிருத்தி விடாமல் அடிக்கோடு போட்டது. காற்புள்ளியை எடுத்தேன், போகவில்லை. முன்னால் 'பட்' சேர்த்தேன். கோடு போச்சு, வாக்கியம் அசடு வழிந்தது. இப்படியே நாட்கள் ஓடின.

கைகொடுத்தது, சொல்லை நகர்த்திப் பார்ப்பதுதான். "வீ ரீச்ட் ஆன் டைம், ஹவெவர்" என்று கடைசிக்குத் தள்ளினாலும் வாக்கியம் நிற்கிறது. 'பட்' அப்படி நகராது. 'ஹவெவர்' போல ஒரு சொல் நகர்ந்தால் அது இணைப்புச்சொல் இல்லை, வினையடை. வெறும் காற்புள்ளியோடு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்ட அதற்குத் தெம்பு போதாது. முன்னால் அரைப்புள்ளி வைத்தேன், பின்னால் காற்புள்ளி அப்படியே. கோடு மறைந்தது, அப்பாடா!

'பட்', 'ஹவெவர்' இரண்டுக்கும் பொருள் ஒன்றாக இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. 'ஸோ' நகராது, கிட்டத்தட்ட அதே பொருளுள்ள 'தேர்ஃபோர்' நகரும். 'நெவர்தெலஸ்' கூட இந்த நகரும் கூட்டம்தான்.