பறவை பார்க்கக் கற்றுத்தரும் ஆட்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

பறவை நோக்கலைப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்க முடியாது. இலைக்குள் மறைந்து கத்துவது குக்குறுவான் என்று பக்கத்தில் நிற்பவர் கிளையைக் காட்டினால்தான் அந்தக் குரல் காதில் தங்கும். அப்படிக் காட்டுபவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

படி 1: ஏரியைப் பிடியுங்கள்

ஆளைத் தேடும் முன் இடத்தைத் தேடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் இ-பேர்ட் தளம் 2002இல் தொடங்கியது, இலவசம். அதில் ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதிக்குள் ‘ஹாட்ஸ்பாட்’ (பலரும் பறவை பார்க்கப் போகும் இடங்கள்) வரைபடத்தைத் திறந்து உங்கள் ஊரைப் பெரிதாக்குங்கள். ஒரு குறியை அழுத்தினால் அந்த ஏரிக்கு அண்மையில் யார் வந்தார்கள், என்ன பார்த்தார்கள் என்பது வரும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அவர்தான் அந்த ஏரியின் ஆள். அவர் வரும் கிழமை, நேரம் பார்த்து நீங்களும் போங்கள். காலை 6 முதல் 8 மணிக்குள் என்றால் பறவைகளும் சுறுசுறுப்பாக இருக்கும்.

படி 2: பட்டியலோடு போங்கள்

வெறுங்கையோடு போய்ச் சேர்வதைவிடப் பத்துப் பட்டியல் போட்டுவிட்டுப் போவது நல்லது. மொட்டைமாடியில் 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இ-பேர்ட் செயலியில் பதியுங்கள். அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் பதிந்தீர்களா என்று கடைசியில் கேட்கும். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: காக்கையையும் மைனாவையும் விட்டுவிட்டு ‘ஆம்’ என்பார்கள். அந்த இடத்தில் காக்கையே இல்லை என்று கணக்காகிவிடும்.

படி 3: கேட்கத் தெரிந்து கேளுங்கள்

பறவை பார்ப்பவர்களின் இணையக் குழுவில் மங்கலான படத்தைப் போட்டு ‘இது என்ன பறவை?’ என்றால் பதில் வராது. வந்தாலும் பெயர் மட்டும்தான் வரும். இடம், தேதி, மைனாவைவிடப் பெரியதா சிறியதா, என்ன செய்துகொண்டிருந்தது என்பதோடு உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். ‘சின்னக்கொக்கு என்று நினைக்கிறேன், அலகு மஞ்சளாக இருப்பதால் சந்தேகம்’ என்று எழுதினால், தெரிந்தவர் சும்மா இருக்க மாட்டார். சின்னக்கொக்கின் அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மஞ்சள் அலகும் குட்டைக் கழுத்துமாக மாட்டின் பக்கத்தில் நின்றால் உண்ணிக்கொக்கு. ஊகம் தவறாக இருந்தால் இன்னும் நல்லது, திருத்தியது மறக்காது.

படி 4: கணக்கெடுப்பில் சேருங்கள்

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு உண்டு. புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போகும் நாட்கள் இவை. பைனாகுலர் இல்லையென்றாலும் போகலாம். வாங்குவதானால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) போதும்; 10 மடங்கு பழகாத கைக்கு ஆடும்.

படி 5: சரிபார்ப்பவரை மதியுங்கள்

அரிய பறவையைப் பதிந்தால் இ-பேர்டின் சரிபார்ப்பாளர் விவரம் கேட்டு எழுதுவார். குற்றம் சாட்டுவதாக நினைத்துப் பலர் பதில் போடாமல் விடுகிறார்கள். பெரிய இழப்பு அது. அந்த வட்டாரப் பறவைகளை நன்கு அறிந்த ஒருவர் தாமாகவே உங்களிடம் பேச வந்திருக்கிறார்.

குழுவில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கூடு இருக்கும் இடத்தை மட்டும் போடாதீர்கள். மறுநாளே கேமராவோடு கூட்டம் நிற்கும், தாய் கூட்டை விட்டுப் போய்விடும்.