ஹுவான்ரென் கவுண்டியைப் படிக்க ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

வடகிழக்குச் சீனா என்றால் நம்மில் பலர் ஹார்பின் பனிச் சிற்பங்களோடு நின்றுவிடுகிறோம். அந்த வட்டாரம் பிடிபட வேண்டுமென்றால் ஒரு கிராமப்புறக் கவுண்டியை, அதாவது மாகாணத்துக்குள் இருக்கும் ஒரு சிறு நிர்வாகப் பகுதியை, எடுத்து நிதானமாகப் படிக்க வேண்டும். என் தேர்வு லியாவ்நிங் மாகாணத்தின் ஹுவான்ரென். பென்சி நகர நிர்வாகத்தின் கீழ் வரும் இது 1989 முதல் மஞ்சு இனத்தவருக்கான தன்னாட்சிக் கவுண்டி.

முதலில் ஆண்டுகளை விட்டுவிட்டு வரைபடத்தைத் திறங்கள். சீனாவுக்கும் வட கொரியாவுக்கும் எல்லையாக ஓடும் யாலு ஆற்றைக் கண்டுபிடித்து, வடக்கிலிருந்து அதில் வந்து சேரும் ஹுன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஹுவான்ரென் வந்துவிடும். ஷென்யாங் நகரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கும் ஹுன் என்றுதான் பெயர், ஆனால் அது வேறு. யாலுவில் சேர்வதுதான் நமக்கு வேண்டியது. அப்புறம் மலை, பள்ளம் தெரியும் வரைபடத்துக்கு மாறுங்கள். எட்டுப் பங்கு மலை, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு வயல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கண்ணாலேயே தெரியும். ஊர், வயல், சாலை எல்லாம் ஆற்றோரத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும்.

இனி வூநியூ மலைக்கு வாருங்கள், நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உயரம் சுமார் 820 மீட்டர்தான், ஆனால் உச்சி தட்டையாக இருக்கிறது, சுற்றிலும் செங்குத்துப் பாறை, மேலேயே தண்ணீரும் உண்டு. பாறை காவல் தராத சரிவுகளில் மட்டும் கல் மதில் கட்டியிருக்கிறார்கள். கி.மு. 37-இல் ஜூமோங் கோகுர்யோ அரசை நிறுவியதாக மரபு சொல்கிறது. அதன் முதல் தலைநகராக இந்த மலைக்கோட்டையைக் கருதுகிறார்கள். கீழே ஆற்றங்கரையில் ஒரு மண்கோட்டையும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே பாருங்கள். பிற்காலத்தில் அணை கட்டியபோது பழைய கல்லறைகள் பல நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டன, அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

படிக்கும்போது சீனத் தரப்பை மட்டும் படித்து முடித்துவிடாதீர்கள். கோகுர்யோவைத் தங்கள் முன்னோர் அரசாகவே கொரியர்கள் பார்க்கிறார்கள். 2004-இல் சீனாவின் கோகுர்யோ தலைநகரங்களும் வட கொரியாவின் கோகுர்யோ கல்லறைகளும் ஒரே ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. இரு பக்க ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நியாயமான சித்திரம் கிடைக்கும்.

பின்னால் வந்த காலத்தைச் சீக்கிரம் கடக்கலாம். சீனாவை ஆண்ட மஞ்சு இனத்துச் சிங் வம்ச அரசர்கள் தங்கள் பூர்வீக நிலம் என்று இந்தப் பகுதியில் வெளியார் குடியேறத் தடை போட்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தடை தளர்ந்து குடியேறிகள் பெருகியபின், 1877-இல் கவுண்டி உருவானது. அப்போது அதன் பெயர் ஹுவாய்ரென். ஷான்ஷியிலும் அதே பெயரில் ஒரு கவுண்டி இருந்ததால் 1914-இல் மாற்றினார்கள். ஆகவே சிங் கால ஆவணங்களைத் தேடுகிறவர்கள் பழைய பெயரையே போட்டுத் தேடுங்கள்.

நேரில் போகிறீர்களா? மலையேற இலையுதிர்காலம் நல்லது. குளிர்காலத்தில் போனால், மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பறித்து ஐஸ் ஒயின் செய்வதைப் பார்க்கலாம். நாள் மிச்சமிருந்தால் யாலு கரையிலுள்ள ஜியானுக்கும் போங்கள். கோகுர்யோவின் அடுத்த தலைநகரம் அங்கேதான் இருந்தது, கி.பி. 414-இல் நட்ட குவாங்கேத்தோ மன்னரின் கல்வெட்டுத் தூணும் அங்கே நிற்கிறது.